சாம்பியனில் எழுப்பும் குரலை அழிக்க மாட்டேன்

கடைசிப் பெட்டியில் எனக்கு ஜன்னலோரம் இடம்பிடித்து வைத்த என் வீட்டுக்காரருக்கு,

நீங்கள் போன பிறகும் சாயங்காலம் ரயில் நம் சாம்பியன் ஸ்டேஷனை நெருங்கும்போது உங்கள் குரல்தான் எங்களை எழுப்புகிறது. பெங்களூரில் வேலை முடித்துத் தூங்கிவிழுகிறவர்களுக்காக நம்ம பெட்டியில் வரும் சீனிவாசன் செய்த ஆப்பில் பேசிக் கொடுத்தீர்களே, "சாம்பியன் வருது, எந்திரிங்கப்பா" என்று. அதை அழிக்கச் சொல்கிறார்கள்.

போனோடு வருகிற ஆப் கடை சீனிவாசனைச் சேர்க்கவில்லை. அதனால் வெளிக்கடை ஒன்றில் போட்டிருந்தான், உங்களுக்குத் தெரியும். அங்கே கேட்பாரில்லை. யாரோ அதே படம், அதே பேரில் ஒரு கள்ள ஆப்பைப் போட்டிருக்கிறான். நம் சுரங்க லைன் வீட்டு ஜெயந்தியக்கா புதுப் போனில் அதை இறக்கிவிட்டார். அவர் பேரில் சம்பந்தி வீடுவரை அசிங்கப் படங்கள் போய்விட்டன.

மறுநாள் பெட்டியிலேயே கேட்டார். "இன்னா மல்லிகா, உன் வூட்டுக்காரரு ஆப்பால என் மானம் போச்சே."

எனக்கு உடம்பு எரிந்தது. "அவரு தூங்கினவங்கள எழுப்பினாருக்கா. யாரு பையிலயும் கை வெக்கல" என்றேன்.

இரண்டு போனையும் பக்கத்தில் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தேன். நம்முடையது போன் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்கிறது. அவருடையது நம்பர், படம், மெசேஜ் எல்லாம் கேட்டிருக்கிறது. "ட்ரெயினு எங்க வருதுன்னு சொல்ல, உங்க சம்பந்தி நம்பரு எதுக்குக்கா?"

நம் பெண்ணும் போனில் சொன்னாள். "பெரிய கடையில சோதிக்கறாங்கம்மா. வெளிய யாரும் இல்ல. அந்த வழியையே மூடிடு. அப்பா குரலை நான் தனியா எடுத்து வெக்கிறேன்."

அவள் சொல்வது பொய்யில்லை. கள்ள ஆப்பைத் தூக்கச் சொல்லி சீனிவாசன் எழுதிப் போட்டும் அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஆனாலும் சொன்னேன்: "எடுத்து வெக்கிறதுக்கு அவரு இன்னா போட்டோவா? வேலை செய்றவரும்மா."

சுரங்க வாயில், ஆட்களை உள்ளே இறக்கும் கேஜின் கதவு பார்த்தவர் நீங்கள். ஆட்கள் ஏறியதும் கொண்டியைக் கையால் இழுத்துப் பார்க்காமல் ஒருநாளும் மணி அடித்ததில்லை. ஆபத்து என்று கேஜையே நிறுத்தினார்களா? பெரிய கடைக்கு நம் ஸ்டேஷன் பேராவது தெரியுமா?

இப்போது எங்கள் பெட்டியில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். வெளிக்கடைப் பக்கம் யாரும் போவதில்லை. ரயிலிலேயே சீனிவாசன் கையிலிருந்து ஏற்றிக்கொள்கிறோம். அது என்னென்ன கேட்கிறது என்று ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும். ஏற்றியதும், போனில் வெளி ஆப்புக்குத் திறந்த அனுமதியை மூட வேண்டும். மூடினதை நான் வாங்கிப் பார்ப்பேன். "வந்துட்டா கேஜ்காரி" என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

இது போதுமா? எனக்குத் தெரியாது. திருடன் நாளைக்கு வேறு வழி தேடுவான்.

நேற்று ஜெயந்தியக்கா தன் போனை என் மடியில் போட்டார். "நல்லதா பாத்து ஏத்து. கொண்டிய நானே இழுத்துப் பாக்கிறேன்" என்றார். சாம்பியன் வந்ததும் உங்கள் குரலுக்கு முதலில் எழுந்தவர் அவர்தான்.

உங்கள் பேரில் திருடன் ஏறினால் என் கையாலேயே இறக்கிவிடுவேன். அவனுக்குப் பயந்து உங்களை இறக்க மாட்டேன். இது சத்தியம்.

உங்கள் இடத்தில் இப்போது கதவு பார்க்கும்,
உங்கள் மனைவி மல்லிகா