பரிமளாவின் மணிக்கட்டு

பூலாம்பாடி
26.11.2006

அன்பு மகன் பூவரசனுக்கு அம்மா சின்னம்மாள் எழுதுவது. நான் நலம். உன் பெண்டாட்டி பரிமளா நலமாக இல்லை. போனில் சொல்லலாம்தான். செல்லதுரை வீட்டுப் போன் என்றால் தெருவே காது கொடுக்கும், அதனால் எழுதுகிறேன்.

இங்கே மழை பரவாயில்லை. வெங்காயம் எடுத்தாயிற்று. செவலைப் பசு சினையாக இருக்கிறது.

மாதக்கணக்கில் ஒரு வரி எழுதாதவள் திருமழபாடிக்கு, அவள் அம்மா வீட்டுக்கே போகட்டும் என்று மலேசியாவிலிருந்து கடிதம் போட்டாயே, அதைப் படித்ததும் அவள் பையைக் கட்டிவிட்டாள். ரோஷக்காரிதான். ஆனால் பையைத் தூக்கப் போனவள் கையை உதறிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வளையல்களைக் காணோம். மணிக்கட்டு இரண்டும் வீங்கிக் கிடந்தன. பையைத் தூக்காத கை பேனாவைப் பிடிக்குமா, நீயே சொல்.

ஆடியில் கொசுக் காய்ச்சல் வந்து தெருவே நொண்டியது. இவளும் கை வலி, முழங்கால் வலி என்றாள். காய்ச்சல் இல்லாவிட்டாலும் அதுதான் என்று நிலவேம்புக் கஷாயம் கொடுத்தேன். மற்றவர்கள் தேறினார்கள், இவள் தேறவில்லை. சுளுக்கு என்று வைரக்கண்ணுவைக் கூப்பிட்டேன். இரட்டைப் பிள்ளை பெற்றவள் வழித்தால் சுளுக்கு நிற்காது என்பார்களே. அவளும் பாசமாகத்தான் வழித்தாள். அதன்பிறகு இவள் வலியென்று வாய் திறக்கவே இல்லை. சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

பை கட்டிய மறுநாளே பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். எல்லா மூட்டு வலியும் ஒன்றில்லை என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். என் முழங்கால் வலி வயசுத் தேய்மானமாம். வெங்காயத் தாள் அரிந்து வரும் மணிக்கட்டு வலி, கைக்கு ஓய்வு கொடுத்தால் அடங்குமாம். கொசுக் காய்ச்சல் வலியும் பெரும்பாலும் மெல்ல மெல்ல விட்டுவிடுமாம். இவளுக்கு இரண்டு பக்கமும் ஒன்றாக வீங்கி, காலையில் வெகுநேரம் விரல் மடங்காமல் இருக்கிறது. ரத்தம் எடுத்துப் பார்த்து முடக்குவாதம் என்றார். வீங்கின மூட்டை வழிக்கலாமா என்று என்னைத்தான் திட்டினார்.

பேரைக் கேட்டுப் பயப்படாதே. மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிட்டு, சொன்னபோது போய்க் காட்டினால் கட்டுக்குள் வைக்கலாமாம். பஸ்ஸில் திரும்பும்போது, ஏன்டி மறைத்தாய் என்று கேட்டேன். "கைகால் வெளங்காதவ வேணாம்னுடுவாங்க அத்தே" என்று சொல்லி அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

கபடியில் முழங்கால் பிசகியபோது நீ ஊரையே கூட்டினாய். இவள் வாயை மூடிக்கொண்டு என் வீட்டில் சமைத்துப் போட்டாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது சரிதான். இப்போது நான்தான் அவளுக்குத் தலை பின்னிவிடுகிறேன். மாமியார் மருமகளுக்குப் பின்னுகிறாள் என்று தெரு சிரிக்கிறது. சிரிக்கட்டும்.

கட்டிய பை இன்னும் அறை மூலையில் அப்படியே இருக்கிறது. நான் அவிழ்க்கப் போனால், "அவங்க சொல்லட்டும் அத்தே" என்கிறாள். இந்தக் கடிதம் கிடைத்ததும் செல்லதுரை வீட்டுக்குப் போன் செய். தெரு கேட்டால் கேட்கட்டும், அவளைக் கூப்பிட்டுச் சொல்.

பரதேசத்தில் இருக்கிறாய். உனக்கு ஒரு வலி வந்தால் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் சாமி. கைகால் சுகத்தோடு இரு.

உன் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கும்
அம்மா
சின்னம்மாள்