சனிக்கிழமை வெட்ட வேண்டிய முகம்

அன்புள்ள மார்வின் பெரியப்பாவுக்கு,

எங்கள் கடையில் வாங்கிய காலிச் சாக்கை உட்புறம் வெளியே வரும்படி திருப்பினீர்கள். உங்களிடம் நான் முதலில் கவனித்தது அதைத்தான். அதிலிருந்த யானைப் படம் மறைந்துபோனது. இருந்தவரை உங்களை அங்கிள் என்றே கூப்பிட்டேன். ஆனால் அப்பாவை நீங்கள் பிரதர் என்பீர்கள். அப்படிப் பார்த்தால் எனக்குப் பெரியப்பா முறைதானே?

பள்ளிக்கூடத்தில் என் பின்னலைப் பிடித்துத் தலையை லாக்கரில் மோதினார்கள். அதற்குப் பிறகு நான் போகவில்லை. ஜெர்சி சிட்டியில் எங்கள் மளிகைக் கடைக் கல்லாவில் உட்கார்ந்துவிட்டேன். மாடியில் வாடகைக்கு இருந்த நீங்கள் சாக்குகளைச் சேர்த்துத் தைத்து, சுவரில் அறைந்து, தாரில் தோய்த்த சங்கிலியால் விளாசுவீர்கள். கீழே பருப்பு டப்பாக்கள் அதிரும். "ஒண்ணுமில்லீங்க, மேல ஆர்ட்டிஸ்ட் வேலை செய்யறாருங்க" என்று கஸ்டமர்களைச் சமாதானம் செய்வார் அப்பா.

சனிக்கிழமைகளில் பிடிக்காத படங்களை வெட்டுவீர்கள். நான் ஓரத்தைப் பிடித்துக்கொள்வேன். பேசத் தேவையில்லாத வேலை.

அப்படி ஒரு நாள்தான் உங்கள் அப்பாவைப் பற்றிச் சொன்னீர்கள். டெக்ஸாஸ் துறைமுகத்தில் கிரேன் கயிறு அறுந்து, பஞ்சுப் பொதிகள் அவர்மேல் விழுந்தன. ஒன்பது வயதில் சாப்பாட்டுத் தூக்கோடு பக்கத்தில் நின்றிருந்தீர்கள். அந்தச் சத்தத்தைத்தான் முப்பது வருஷம் வரைந்தீர்கள். வெள்ளைக்காரக் கேலரிகள் கறுப்பு முகங்கள் கேட்டன. உங்கள் கறுப்பின ஆட்களும் ‘நம் ஜனங்களின் முகம் எங்கே’ என்று கேட்டார்கள். இரண்டு பேருக்கும் முடியாது என்றீர்கள்.

கடைசியில் ஒரே ஒரு முறை, தாரில் உங்கள் அப்பாவின் முகத்தை வரைந்தீர்கள். களைத்துப்போனீர்களா? அவரைப் பார்க்க வேண்டும்போல் இருந்ததா? நான் கேட்கவில்லை. மூன்று நாள் பார்த்துவிட்டு, சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தீர்கள்.

"கண்ணைத்தான் பார்ப்பாங்க. விழுந்த சத்தம் யாருக்கும் கேக்காது. சனிக்கிழமை வெட்டிடலாம்."

அதற்குள், வியாழக்கிழமையே மாடிப்படியில் கிடந்தீர்கள். இதயம் நின்றுவிட்டது என்றார்கள்.

இரண்டு மாதம் கழித்து, நேற்று கேலரியிலிருந்து கடைக்கு ஃபேக்ஸ் வந்தது. உங்கள் நினைவுக் கண்காட்சியில் அந்த முகம்தான் நடுவில். முதல்முறையாக மனம் திறந்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறார்கள். படங்களை எடுத்துப்போகத் திங்கட்கிழமை லாரி வருகிறது.

அந்த முகத்தை வெட்டிவிட வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னேன். "கிரீன் கார்டு வர்ற நேரத்துல போலீஸ் கேஸ் வேணுமா கண்ணு? செத்தவரு வந்து கேக்கப் போறாரா?" என்றார். கேலரிக்கு ஃபோன் செய்தேன். அந்த அம்மாள் ஹலோ ஹலோ என்றார். நான் ஃபோனை வைத்துவிட்டேன்.

யார் செய்தது என்று கேட்பார்கள். நான்தான் என்பேன், பெரியப்பா. வாய்விட்டுச் சொல்வேன். இது சத்தியம்.

இன்று சனிக்கிழமை. மாடிச் சாவி கல்லாவுக்குப் பக்கத்தில்தான் தொங்குகிறது. சாக்கு வெட்டும் கத்தியோடு ஏறினேன். உங்கள் அப்பாவைத் தரையில் கிடத்தினேன். ஓரம் பிடிக்க ஆளில்லை. முழங்காலால் அழுத்திக்கொண்டு, நெற்றியில் குத்தித் தாடைவரை இழுத்தேன். பிறகு கண்களுக்குக் குறுக்கே.

உங்கள் தம்பி மகள்,
கவிதா