அக்காவுக்கு ஒரு பறவைப் புத்தகம்

சகலை,

நேற்று தஞ்சாவூரில் ஒரு புத்தகக் கடையில் முக்கால் மணி நேரம் நின்றேன். புதுத்தாள் வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் நினைப்பு வந்துவிட்டது. எந்தப் புத்தகத்தையும் நடுவில் பிரித்து ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுத்தானே படிப்பீர்கள்? என் வலது கையில் ஒரு பறவைப் புத்தகம், இடது கையில் இன்னொன்று. கடையிலிருந்த பெண், "ரெண்டும் பறவைதானே சார், எதுவா இருந்தா என்ன?" என்றாள். நீங்கள் இருந்திருந்தால் அவளுக்கு மத்தியானச் சாப்பாடு போயிருக்கும். அவ்வளவு நேரம் நிற்கவைத்து விளக்கியிருப்பீர்கள்.

அக்காவை நீங்களும் தங்கையை நானும் கட்டிக்கொண்டோம். மற்றபடி நமக்குள் ஒட்டு உறவு எதுவும் இல்லை. நாம் பறவை பார்க்க ஆரம்பித்ததுகூடப் பறவை மேல் இருந்த ஆசையால் இல்லை, மாமியார் வீட்டில் சும்மா உட்கார முடியாத கொடுமையால்தான். மன்னார்குடிப் பக்கத்து அந்தக் கிராமத்துக்குத் தீபாவளி, பொங்கல் என்று போனால் மூன்று வேளையும் இலை போடுவார்கள், வேலை மட்டும் கொடுக்க மாட்டார்கள். என் வயலில் முழங்கால் சேற்றில் நிற்கிறவன் நான். அங்கே மண்வெட்டியைத் தொட்டால் "ஐயையோ, மாப்பிள்ளை!" என்று மாமனார் பிடுங்கிவிடுவார். உரக்கடைக்காரரான உங்களுக்கு உட்கார்ந்து பழக்கம்தான், ஆனால் பேச ஆள் வேண்டும். "வாங்க சகல, வாய்க்கால் பக்கம் போய்ட்டு வருவோம். இங்கயே இருந்தா இன்னொரு அதிரசம் வந்துரும்" என்று கூட்டிப்போனீர்கள். வரப்பில் நின்ற ஒரு பறவைக்கு நம் இரண்டு பேருக்கும் பேர் தெரியவில்லை. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இருபது வருடம் விடவில்லை.

முதல் புத்தகம் நான் செய்த தப்பு. லண்டனில் இருக்கும் என் தம்பியிடம் சொல்லி வரவழைத்தேன். வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் போட்டோ. நட்டு முடித்த வயலில் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிய மங்கலான குருவி ஒன்றுக்காக ஒரு காலை முழுக்கப் புரட்டினோம். அதில் இருந்த வாலாட்டிக் குருவியோ எலுமிச்சம்பழம் மாதிரி மஞ்சள். நம்முடையது புதுப் பறவை என்று மாமியார் வீடு முழுக்க நான் தண்டோரா போட்டாகிவிட்டது. மறு வருடம்தான் உங்களுக்கு விஷயம் விளங்கியது. அந்த மஞ்சள், கோடையில் அது தன் ஊரில் ஜோடி சேரும்போது போட்டுக்கொள்வது. குளிருக்குப் பயந்து இங்கே வரும்போது அதெல்லாம் கிடையாது. "அவன் மாப்பிள்ளைக் கோலத்துல போட்டோ புடிச்சு வச்சிருக்கான் சகல. நம்ம ஊருக்கு அது கைலியோடல்ல வருது!" என்றீர்கள். கைலியோடு நின்ற நாம் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அதற்கப்புறம் புத்தகம் தேர்ந்தெடுப்பது உங்கள் இலாகா ஆகிவிட்டது. வேட்டி மடிப்பில் செருகுகிற அளவில் இருக்க வேண்டும். படமும் விவரமும் எதிரெதிர் பக்கத்தில் இருக்க வேண்டும். போட்டோ கூடாது, வரைந்த படம்தான் வேண்டும்; போட்டோ ஒரு பறவையைக் காட்டும், வரைந்த படம் அந்தச் சாதியையே காட்டும் என்பீர்கள். மேப் கட்டாயம். ஒருமுறை நான் பாமணி ஆற்றங்கரையில் பார்த்ததை இமயமலைப் பறவை என்று சாதித்தபோது, "அங்கேருந்து இங்க வர அதுக்கு யாரு டிக்கெட் எடுத்துக் கொடுத்தா? முதல்ல மேப்பப் பாருங்க, அப்புறம் மூக்கப் பாருங்க" என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. கடைசியில் நீங்கள் தேடிப் பிடித்த ஆங்கிலப் புத்தகம் நம் இரண்டு வீட்டிலும் மாறி மாறி இருந்தது. அதைப் புரட்டிக்கொண்டே நாம் போட்ட சண்டைகள்தான் என் வாழ்க்கையில் நான் மிகவும் சந்தோஷமாகப் போட்ட சண்டைகள்.

நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. அக்கா வாசற்படி தாண்டுவதில்லை. கோயிலுக்குக் கூப்பிட்டால் முட்டி வலி, கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் தலைவலி. நாள் முழுக்க டிவி. போன வாரம் நான் போயிருந்தபோது உங்கள் புத்தகத்தை மடியில் வைத்து அதிலிருந்த பறவைப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "தம்பி, எனக்குப் புரியுற பாஷையில ஒண்ணு வாங்கிட்டு வாங்க. அந்த மனுசன் அப்படி என்னத்தத்தான் பாத்தாருன்னு நானும் பாக்குறேன்" என்றார்கள். வெளியே வருகிறேன் என்பது போல அவர்கள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. தப்பான புத்தகத்தைக் கொடுத்து, நாலு பக்கம் புரட்டி மூடிவிட்டால் மறுபடி டிவிதான். அந்தப் பயத்தில்தான் கடையில் அப்படி நின்றேன்.

ஒரு கையில் இருந்தது ஆங்கிலம், நீங்கள் சொன்ன அத்தனை லட்சணமும் பொருந்தியது. இன்னொன்று தமிழ், ஆனால் எல்லாம் போட்டோ, அதுவும் பறவைக்கு ஒன்றே ஒன்று. உங்கள் பேச்சைக் கேட்டால் அக்காவால் படிக்க முடியாது. அக்காவுக்காகப் பார்த்தால் உங்கள் சட்டம் போச்சு. மன்னியுங்கள் சகலை, தமிழையே வாங்கினேன்.

இன்று காலை அக்காவை வண்டியில் உட்காரவைத்து அதே வாய்க்கால் கரைக்குக் கூட்டிப்போனேன். எதிர் வயலில் பெரிய பறவை ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. போட்டோவில் பால் வெள்ளை, வயலில் நின்றது சாம்பல் பூசின மாதிரி. வாலாட்டிக் கதை திரும்பிவிட்டது என்று நினைத்தேன். அக்கா புத்தகத்தை ஒரு பார்வை, வயலை ஒரு பார்வை. "நத்தகுத்தி நாரை. நிறத்த விடுங்க தம்பி, அலகப் பாருங்க. ரெண்டும் சேராது, நடுவுல சந்து இருக்கும். நாங்க பொறந்து வளர்ந்த ஊரு இது, எனக்குத் தெரியாதா?" என்றார்கள். அரை மணிக்குள் பதினோரு பறவைக்குப் பேர் சொன்னார்கள். பேர் தெரிந்த பிறகுதான் பக்கத்தைத் தேடி, அது எங்கே கூடு கட்டும், என்ன தின்னும் என்று எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். உங்களுக்கும் எனக்கும் அந்தப் பதினொன்றைச் சேர்க்க இரண்டு தீபாவளி ஆனது.

வீட்டுக்குள்ளேயே இவ்வளவும் இருந்திருக்கிறது. நாம் லண்டனுக்குச் சொல்லிவிட்டோம்.

அப்புறம் அக்கா புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்கள். "இருபது வருசம் ரெண்டு பேரும் இங்கதானே வந்தீங்க. நாங்க அடுப்படியில கெடந்தோம். ஒரு நாள், ஒரே ஒரு நாள், நீங்களும் வாங்கன்னு கூப்பிடத் தோணலையா?"

கோபமே இல்லை, அதுதான் சுட்டது. புத்தகம் எப்படி இருக்க வேண்டும் என்று அத்தனை சட்டம் போட்டோமே, இன்னும் யார் யார் படிப்பார்கள் என்று நாம் இருவருமே யோசிக்கவில்லை. "தோணலக்கா. தப்புதான்" என்றேன். உங்களுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன். அந்தக் கேள்வி இனி என்னோடுதான் இருக்கும், உங்கள் சிரிப்பு இருப்பது போல.

அக்கா பக்கத்தை மடித்து வைத்தார்கள். "சரி, நாளைக்கு அவளையும் கூட்டிட்டு வாங்க" என்றார்கள். என் மனைவியைத்தான். அவளுக்கு எத்தனை பறவையின் பேர் தெரியும் என்று நான் இதுவரை கேட்டதில்லை, சகலை.