லீவு கேட்கிறவர்கள்

ஹாரோ, இலோய்லோ, பிலிப்பைன்ஸ்
அக்டோபர் 14

அன்புள்ள அன்செல்மோவுக்கு,

நான் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய் உன்மேல் புகார் கொடுத்ததாகப் பக்கத்து வீட்டு சோலேடாட் சொல்லித் திரிகிறாள். அது தவறு. புகார் கொடுத்தவள் நீ வேலையிலிருந்து நிறுத்திய ஜோவெலின். என்னைச் சாட்சியாக அழைத்திருக்கிறார்கள், வியாழக்கிழமை விசாரணை. இரண்டும் ஒன்றல்ல என்று பூசை முடிந்ததும் தேவாலய வாசலிலேயே அவளுக்கு விளக்கினேன். "பெத்த புள்ளைக்கு எதிரா சாட்சி சொல்லப் போறதையும் எவ்வளவு இலக்கணமா சொல்றீங்கக்கா" என்றாள்.

உன் வக்கீல் அனுப்பிய வாக்குமூலம் கிடைத்தது. எழுத்துப் பிழைகளைத் திருத்தியிருக்கிறேன், கையெழுத்திடவில்லை. நம் வீட்டுக் கீழ்த்தளத்தில் உனக்கு வேலை செய்யும் ஆறு பெண்களும் தங்கள் விருப்பம்போல் வந்து போனார்களாம். என் வீட்டில் யார் அப்படி வந்து போயிருக்கிறார்கள்? உன் ஆஸ்திரேலிய வாடிக்கையாளர்கள் அலுவலகம் திறக்கும்போது அவர்கள் மின்னஞ்சலுக்குப் பதில் தயாராக இருக்க வேண்டும் என்று பிரிஸ்பேனிலிருந்து நீ சொன்னாய். காலை ஆறுக்கு மணி அடித்தது நான். தாமதமாக வந்தவளைப் படிக்கட்டில் நிற்க வைத்ததும் நான். கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள், அதை ஒழுங்காகவே செய்தேன். வெட்கப்படவில்லை. ஆனால் நடக்கவில்லை என்று எழுத மாட்டேன்.

ஜோவெலின் மகனுக்கு டெங்கு. மருத்துவமனையில் அவன் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தபடி உன்னிடம் லீவு கேட்டாள். நீ மறுத்தாய். பிறகு அவளுடைய கடவுச்சொல் வேலை செய்யவில்லை. "நீ ஊழியர் அல்ல, ஒப்பந்தக்காரர். ஒப்பந்தம் முடிந்தது, வேறு வாடிக்கையாளர்களைத் தேடிக்கொள்" என்று உன்னிடமிருந்து அவளுக்கு ஒரு குறுஞ்செய்தி. இங்கே பல் மருத்துவர் ஒருவர் சனிக்கிழமைகளில் தனக்கும் வேலை செய்யும்படி அவளைக் கேட்டபோது, கூடாது என்று தடுத்தவன் நீதானே?

ஒப்பந்தக்காரர் என்றால் என்ன என்று ரிஸாவிடம் கேட்டேன். உனக்கு இணையப் பக்கங்கள் செய்து தருகிறாளே, அவளிடம். தன் வீட்டில், தன் கணினியில், இன்னும் நாலு பேருக்கும் செய்கிறாள். சிரித்தாள். "நான் அன்செல்மோ சார்கிட்ட லீவு கேக்க மாட்டேன் மேடம். இந்த வாரம் முடியாதுன்னு சொல்வேன். அவரு வேணும்னா ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாரு" என்றாள். உன் வக்கீலால் இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியாது.

உன் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. ஊழியர் என்றால் காப்பீடு, டிசம்பரில் கூடுதலாகப் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் எல்லாம் வரும். கட்டணத்தை ஏற்றினால் வாடிக்கையாளர்கள் வேறிடம் போவார்கள், பிறகு ஆறு பேருக்குமே வேலை இருக்காது என்கிறாய். இருக்கலாம். அப்படியானால் அவர்களை அவர்கள் போக்கில் விட்டுவிடு. நேரம் அவர்களுடையதாகட்டும், பல் மருத்துவருக்கும் செய்யட்டும். அது முடியாதென்றால் ஊழியர் என்று எழுதிக் கொடு. காலையில் ஊழியராகவும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஒப்பந்தக்காரராகவும் ஒருத்தி இருக்க முடியாது.

சாட்சி சொன்னால் கிறிஸ்துமஸுக்கு வரமாட்டேன் என்றாய். உன் அப்பாவின் கல்லறைக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன். உன் அறைத் திரைச்சீலைகளைத் துவைத்து மாட்டிவிட்டேன்.

ஜோவெலின் மகன் வீட்டுக்கு வந்துவிட்டான். இன்னும் சோறு இறங்கவில்லையாம். நீயாகவே அவளை மறுபடி சேர்த்துக்கொண்டால் வியாழக்கிழமை நான் வாய் திறக்க வேண்டிய அவசியமே இராது.

ஆண்டவர் உன்னையும் உன் வீட்டாரையும் காக்கட்டும். ரிஸா இந்தக் கடிதத்தைப் படமெடுத்து இன்றே உனக்கு அனுப்புவாள். தொலைபேசியில் கூப்பிடாதே. உன் குரலைக் கேட்டால் நான் உன் வக்கீலின் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடக்கூடும். அவளைச் சேர்த்துக்கொள்கிறாயா இல்லையா என்று புதன்கிழமைக்குள் எழுதி அனுப்பு.

உன் அம்மா,
பெர்பெத்துவா