காசியம்மாள் அத்தை சொன்ன சாட்சி

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. கல்யாண ஜாக்கெட் ஒன்றுகூட வரவில்லை. பள்ளிச் சீருடைகளுக்குக் கொக்கி தைத்தே பொழுது போனது.

காலையில் குளிக்கும்போது இடது மார்பில் கைக்கு ஏதோ தட்டுப்பட்டது. மல்லாட்டைப் பருப்பு, உரித்த வேர்க்கடலை அளவுதான். வலி இல்லை. சோப்பைக் கழுவிவிட்டு மறுபடி தொட்டேன். அங்கேயேதான் இருந்தது.

வீட்டுக்காரர் சுகுமாரிடம் சொல்லவில்லை. சொன்னால் நிஜமாகிவிடும் போல ஒரு பயம்.

ஜூலை 18, வெள்ளி

இருக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

ஆராதனையில் ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. காசியம்மாள் அத்தைதான் கண்முன் நின்றாள். அப்பாவின் அக்கா. அம்மா போனபிறகு என்னைத் திண்டிவனத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் வளர்த்தவள். முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தபோது பேரை மாற்றிக்கொள்ளச் சொன்னார்களாம். "பொறந்ததுலேர்ந்து காசியம்மான்னுதான் கர்த்தருக்கு என்னைத் தெரியும். புதுப் பேர்ல ஜெபம் பண்ணா யாரோன்னு இருந்துடப் போறாரு" என்றாளாம். அப்படிப்பட்ட வாய்.

அந்த வாய்தான் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் திண்டிவனம் சபையில் மைக்கைப் பிடித்துச் சாட்சி சொன்னது. நானும் இருந்தேன். "மாருல மல்லாட்டைப் பருப்பாட்டம் ஒரு கட்டி இருந்துச்சு. கர்த்தர் கரைச்சிட்டாரு. ஸ்தோத்திரம்!" சபையே கைதட்டியது. நானும் தட்டினேன்.

கட்டி கரையவே இல்லை. கரையும் என்று நம்பி முன்கூட்டியே சொல்லிவிட்டாள். எங்களில் சிலருக்கு அது பழக்கம். கிடைக்கும் முன்பே கிடைத்ததாகச் சொல்வதுதான் விசுவாசம் என்பார்கள். சொன்ன பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனால் சாட்சி பொய்யாகிவிடும், கர்த்தர் பேர் கெட்டுப்போகும். அதனால் அவள் போகவில்லை. கடைசி வருஷம் என்னிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுத்தபோதெல்லாம், டேப்பை எடுத்தால் தள்ளி நின்று, "பழைய அளவே வச்சிக்க பாப்பா" என்றாள். என் கை பட்டுவிடும் என்று பயந்திருக்கிறாள். அவளை அடக்கம் பண்ணிவிட்டு வந்து மெஷினில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது.

ஜூலை 24, வியாழன்

திண்டிவனத்திலிருந்து பாஸ்டரம்மா போன் பண்ணினார். ஆகஸ்ட் பத்தாம் தேதி அத்தைக்கு முதல் வருஷ நினைவுக் கூட்டமாம். "அத்தையோட விசுவாசத்தைப் பத்தி நீங்கதான் சாட்சி சொல்லணும் சிஸ்டர்." சரி என்றேன். வேறென்ன சொல்வது?

பயமா இருக்கு ஆண்டவரே. ஆஸ்பத்திரிக்குப் போனா இன்னா சொல்வாங்களோன்னு பயம். போகாட்டி — அத்தை கிடந்த ரூமு, அந்த நாத்தம், ஊதுபத்திய ஏத்தி ஏத்தி வச்சோமே — அதுக்கும் பயம். எனக்கு விசுவாசம் பத்தலியா? அத்தைக்கு அவ்ளோ இருந்துச்சே, அத இன்னா பண்ணீங்க?

ஜூலை 29, செவ்வாய்

அத்தையின் ஜெப எண்ணெய்க் குப்பி என் பீரோவில் இருக்கிறது. பாதி தீர்ந்தது போக மீதி. இன்று எடுத்துத் தடவினேன். தடவத் தடவ, "கரைஞ்சிடுச்சு, கரைஞ்சிடுச்சு" என்று என் வாயே சொல்வது எனக்குக் கேட்டது. குப்பியை மூடி வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

சுகுமாரிடம் சொல்லிவிட்டேன். சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. "இத்தினி நாளா வச்சிக்கினா இருந்த? ஏண்டி, உங்க அத்தை பட்ட பாட்டைப் பாத்தும் உனக்குப் புத்தி வரல?" என்று கத்தினார். நான் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன் என்றேன். "பண்ணு. யாரு வேணான்னா? பஸ்ஸுல உக்காந்து பண்ணு. திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

பிறகு கொல்லைப்பக்கம் போனவர் வெகுநேரம் வரவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஸ்கேன் எடுத்தார்கள். ஊசி போட்டு உள்ளிருந்து கொஞ்சம் சதை எடுத்தார்கள். முடிவு அடுத்த வாரம். "சீக்கிரமே வந்துட்டீங்க, நல்லது" என்றார் டாக்டரம்மா. எதற்கு நல்லது என்று வழியெல்லாம் எனக்குள் கேட்டுக்கொண்டே வந்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

திண்டிவனம் போய் வந்தேன். அத்தையின் படத்துக்குப் பக்கத்தில் மைக் வைத்திருந்தார்கள். விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனது எல்லாம் மறந்துபோனது. வாயில் வந்தது இதுதான்:

"எங்க அத்தையாட்டம் ஒரு விசுவாசிய நான் பாத்ததில்ல. ஆனா அவங்களுக்குக் கட்டி கரையல. கரைஞ்சிடுச்சுன்னு சொல்லிட்டதால, வலிக்குதுன்னுகூட யார்கிட்டயும் சொல்ல முடியாம செத்துப்போனாங்க. இப்ப எனக்கு ஒரு கட்டி இருக்குது. கரையல. டெஸ்ட்டு குடுத்துட்டு வந்திருக்கேன். எனக்கு பயமா இருக்குது. எனக்காக ஜெபம் பண்ணுங்க."

யாரும் கைதட்டவில்லை. ஸ்தோத்திரமும் இல்லை. பாஸ்டர் ஐயா தலையைக் குனிந்துகொண்டே, மைக் இல்லாமல், "அன்னிக்கி மொதல்ல கைதட்டினது நான்தாம்மா" என்றார். அப்புறம் முழங்கால் போட்டார். சபையும் போட்டது.

செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது கெங்கம்மாள் பெரியம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். வாராவாரம் அத்தைக்குப் பக்கத்துப் பாயில் உட்கார்ந்தவள். "பாப்பா, புது வருஷ ஆராதனைல நானும் கரைஞ்சிடுச்சுன்னு சொன்னேனே..." என்றவள் முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஐயோ, பெரியம்மா.

ஆகஸ்ட் 14, வியாழன்

முடிவு வந்துவிட்டது. புற்றுதான். ஆரம்பம் என்றார் டாக்டரம்மா. ஆபரேஷன், அதன் பிறகு மருந்து. சுகுமார் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். எனக்குப் பயம் போகவில்லை, குறையவும் இல்லை. ஆனால் அதைச் சொல்ல ஆள் இருக்கிறது.

கெங்கம்மாள் பெரியம்மாவை நாங்கள்தான் பஸ் ஏற்றிக் கூட்டி வந்தோம். எனக்குப் பிறகு அவளைக் கூப்பிட்டார்கள். கதவுக்குள் போகும்முன் திரும்பி, "எங்கியும் போய்டாத பாப்பா" என்றாள். இங்கேயே இருக்கிறேன் என்றேன்.

வெளியே வரும்போது முகம் வெளுத்திருந்தது. அவளுக்கும் ஊசி போட்டிருந்தார்கள். பெஞ்சில் என்னை ஒட்டி உட்கார்ந்து, பையிலிருந்து வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"ஜாக்கெட் தைக்கணும். டேப்பு வச்சிருக்கியா? புது அளவே எடுத்துக்க."