கியரைத் தின்றது நீ இல்லை, அம்மா

என் தங்க அம்மாவுக்கு,

ஒரு வருடம் தாமதமாக எழுதுகிறேன். நீ போன புதிதில் எழுதியிருந்தால் அழுகைதான் வந்திருக்கும். இப்போது வருவது கோபம். இந்தக் கடிதத்தை உன் படத்துக்கு முன்னால் மடித்து வைக்கப் போவதில்லை. நாலு பேர் படிக்கிற இடத்தில் போடப் போகிறேன். உன்னைப் பார்த்துச் சிரித்ததும் நாலு பேருக்கு முன்னால்தானே?

முதலில் வீட்டுச் செய்தி. இனியா எல்.கே.ஜி. போகிறாள். சளி பிடித்தால் அவளுக்கு மூச்சு இழுப்பது இன்னும் நிற்கவில்லை. அவள் மதியம் தூங்கும்போதுகூட நான் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்க்கிறேன். "குழந்தை மூச்சு விடும்டி, நீ முதல்ல விடு" என்று சொல்ல நீ இல்லை.

உன் கார் எங்களிடம்தான் இருக்கிறது. கைலாசபுரம் குவார்ட்டர்ஸைக் காலி செய்த அன்று அதை ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டுவந்து எங்கள் அபார்ட்மென்ட் தூணோரம் நிறுத்தினோம். அப்பா வாங்கிய கார். அப்பா இறந்து, அவருடைய தொழிற்சாலையிலேயே உனக்கு வேலை கிடைத்த பிறகு, நாற்பது வயதில் டவுன்ஷிப் ரோட்டில் நீயே ஓட்டிப் பழகிய கார். முதல் நாள் என்னைப் பள்ளியில் இறக்கிவிட்டு நீ கண்ணாடியை இறக்கிக் கையாட்டினாயே, அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

அந்த முகத்தைக் கெடுத்தவரைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அப்பாவின் தம்பி. தொட்டியத்தில் வாழைத்தார் ஏற்றும் லாரி வைத்திருக்கும் நம் சித்தப்பா. "இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு அண்ணி, நான் பாத்துக்கறேன்" என்று சர்வீஸுக்கு வண்டியை அவர்தான் வாங்கிக்கொண்டு போவார். ஒருமுறை அப்படிப் போய் கியர் ஆயில் மாற்றிக் கொண்டுவந்து விட்டார். அதற்குப் பிறகுதான் காலையில் உனக்கு இரண்டாவது கியர் விழாமல் போனது. கறகறவென்று ஒரு சத்தம். நீ அவரிடம் எத்தனை முறை சொன்னாய்! "காலையில மட்டும்தான் தம்பி விழ மாட்டேங்குது. பால்பண்ணை தாண்டிட்டா சரியாயிடுது."

"அப்ப தூக்கக் கலக்கம் வண்டிக்கா, உங்களுக்கா அண்ணி?" என்று கேட்டார் அவர்.

என் வளைகாப்பு அன்று, மண்டப வாசலில் நீ வண்டியை நகர்த்தியபோது அந்தச் சத்தம் வந்தது. சித்தப்பா தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு கத்தினார்: "பாத்தீங்களா, எங்க அண்ணி கியர் போடல, கியரைத் தின்னுறாங்க! கியர்தின்னி!" எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாய். அதோடு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கல்யாணம் காதுகுத்து எங்கே பார்த்தாலும், "என்ன அண்ணி, இன்னைக்கு கியர்ல எத்தனை பல்லு தின்னீங்க?"

சில மாதங்களில் காருக்கு உறை போட்டு மூடிவிட்டாய். இனியா பிறந்த பிறகு அவளைப் பார்க்கச் சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கி இன்னொரு பஸ் ஏறி வந்தாய். முதலில் வாரா வாரம். பிறகு மூட்டு வலி, மாதம் ஒருமுறை. பிறகு போன் மட்டும். பாட்டி மடியில் என் பெண் உட்கார்ந்திருக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமைகளை அந்த மனுஷன் ஒரு சிரிப்பில் பிடுங்கிக்கொண்டார். அதற்குக் கோபப்படாமல் வேறு என்ன செய்வது?

இந்தக் கார்த்திகையில் பேட்டரி மாற்றி, இனியாவைப் பள்ளியில் விட நானே வண்டியை எடுத்தேன். காலையில் இரண்டாவது கியர் விழவில்லை. அதே கறகற. பின்னால் ஹாரன், உள்ளே இனியா, என் உள்ளங்கை முழுக்க வேர்வை. சித்தப்பா சொன்ன உறையூர் மெக்கானிக்கிடம் காட்டினேன். "கியர் பாக்ஸை இறக்கணும்மா" என்றார். அன்று மாலையே சித்தப்பாவின் போன்.

"அந்த வண்டியை என்கிட்ட தள்ளிவிட்டுரு பாப்பா. உங்கம்மா தின்ன மிச்சம்தானே!"

செத்த பிறகும் விடவில்லை, பார்.

போனை வைத்துவிட்டுக் கீழே போய்க் காரின் டேஷ்போர்டைத் திறந்தேன். கார் கம்பெனி கொடுத்த புத்தகத்தோடு உன் கோடு போட்ட நோட்டு இருந்தது. ஆபீஸில் வருகைப் பதிவு எழுதி எழுதிப் பழகிய கை அல்லவா, வண்டிக்கும் எழுதி வைத்திருக்கிறாய். "தொட்டியம் தம்பி கியர் ஆயில் மாற்றிக் கொடுத்தார்." அதற்கு அடுத்த வரி, பத்து நாள் கழித்து: "காலையில் இரண்டாவது கியர் கடினம். சூடானால் சரி." அதற்குப் பிறகு அதே வரி, பக்கம் பக்கமாக. கடைசியில், "இன்று முதல் பஸ்."

நான் இயற்பியல் படித்தவள். குளிர்ந்தால் கெட்டியாவதும் சூடானால் இளகுவதும் ஆயில்தான் என்று எனக்குத் தெரியாதா? நீ பிரச்சினையை மட்டும் சொல்லவில்லை, காரணத்தையும் எழுதி வைத்திருந்தாய். நாங்கள் யாரும் படிக்கவில்லை.

வேறு யார் கையிலும் கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். அந்த ஆயிலை என் கண்ணால் பார்க்க வேண்டும். புத்தகத்தில் போட்டிருந்த ஆயிலையே வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலை, ஆயில் கொஞ்சம் இளகட்டும் என்று திருவானைக்காவல் வரை ஓட்டிவிட்டு வந்தேன். கல் வைத்துச் சக்கரத்தை அடைத்து, ஜாக்கியில் தூக்கி, நான்கு பக்கமும் இரும்பு ஸ்டாண்ட் கொடுத்து வண்டியை மட்டமாக நிறுத்தினோம். ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே போகக் கூடாது என்று படித்திருந்தேன். ஸ்டாண்டை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். ஆறாவது முறை ஆட்டியபோது உன் மாப்பிள்ளைக்குப் பொறுமை போய்விட்டது.

"உள்ள போறதுக்கு முன்னாடி இட்லி மாவு எந்த டப்பாவுல இருக்குன்னு மட்டும் சொல்லிட்டுப் போ."

"நான் வெளிய வர்ற வரைக்கும் வண்டியைத் தொடாதீங்க. சாயாதீங்க. இனியாவைக் கிட்ட விடாதீங்க."

"தும்மலாமா?"

கியர் பாக்ஸில் இரண்டு போல்ட். அடியில் இருப்பது பழைய ஆயிலை இறக்க. பக்கவாட்டில் இருப்பது புது ஆயில் ஊற்ற. பக்கவாட்டுப் போல்ட் திறக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அடிப் போல்ட்டைத் தொட வேண்டும். இல்லையென்றால் ஆயிலை இறக்கிவிட்டு ஊற்ற வழியில்லாமல் நிற்கும் வண்டி. அவசரக்காரர்கள் செய்யும் தப்பு அது. எதையும் மூன்று முறை சந்தேகப்படுகிற என் புத்தி அன்றைக்குத்தான் உருப்படியாக உதவியது. பக்கவாட்டுப் போல்ட் துருவேறி அசைய மறுத்தது. ஸ்பேனரின் கைப்பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி நீளமாக்கி இழுத்தேன். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு முகம் ஞாபகத்துக்கு வந்தது. யார் முகம் என்று சொல்ல வேண்டுமா? டக்கென்று விட்டது.

பிறகு அடிப் போல்ட். ஆயில் கொட்டவில்லை அம்மா. இறங்கியது. வெல்லப்பாகு மாதிரி, கம்பியாக, ஆடி அசைந்து இறங்கியது. அழுகிய முட்டை வாடை. ஒரு ஊறுகாய் பாட்டிலில் பிடித்து வைத்தேன். புது ஆயிலைப் பக்கத்தில் இன்னொரு பாட்டிலில் வைத்துச் சாய்த்தால் அது நல்லெண்ணெய் மாதிரி ஓடுகிறது. பழையது யோசித்துவிட்டு வருகிறது.

அதைவிட முக்கியம் அந்த அடிப் போல்ட். அதன் நுனியில் ஒரு காந்தம் இருக்கிறது. உள்ளே தேய்கிற இரும்பெல்லாம் அதில் வந்து ஒட்டிக்கொள்ளும். நீ உண்மையாகவே கியரைத் தின்றிருந்தால் உடைந்த பல் துண்டு அதில் இருந்திருக்க வேண்டும். விரலால் துடைத்தேன். கண்மை மாதிரி வழவழவென்று கொஞ்சம் பொடி. அவ்வளவுதான். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி சத்தம் போட்டுச் சிரித்தேன். உன் மாப்பிள்ளை பயந்துபோய்க் குனிந்து பார்த்தார்.

புது வாஷர் போட்டு அடிப் போல்ட்டை முடுக்கி, மேலிருந்து டியூப் வழியாக, பக்கவாட்டுத் துளையில் வழியும் வரை ஊற்றி மூடினேன். மறுநாள் காலை பள்ளிக்குப் போகும்போது இரண்டாவது கியர் விழுந்ததே எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது போடும்போதுதான் இரண்டாவது போட்டிருந்ததை உணர்ந்தேன்.

அன்றைக்கே சித்தப்பாவுக்கு போன் செய்து கிழித்திருக்கலாம். செய்யவில்லை. கூட்டம் வேண்டும் எனக்கு.

மார்கழியில் உன் தலைத்திவசம் வந்தது. காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் காரியம் முடித்து எல்லோரும் சாப்பிட வீட்டுக்கு வந்தார்கள். வளைகாப்பில் சிரித்தவர்களில் பாதிப் பேர் இருந்தார்கள். இலை எடுத்த பிறகு, கீழே வண்டிக்குப் பக்கத்தில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த சித்தப்பாவிடம் அந்த ஊறுகாய் பாட்டிலோடு போனேன். பெரிய அத்தை, மற்றவர்கள், எல்லோரும் சுற்றி இருந்தார்கள்.

"சித்தப்பா, இது என்ன ஆயில்னு தெரியல. உங்களுக்குத்தான் தெரியும்."

அவர் விரலை விட்டுத் தேய்த்து, முகர்ந்து, பெருமையாக எல்லோரையும் பார்த்தார். "இதுகூடத் தெரியாதா? நூத்திநாப்பது நம்பர் கெட்டி ஆயில். லாரி ஆக்ஸிலுக்கு ஊத்துறது."

"காருக்கு ஊத்தலாமா?"

"எவனாச்சும் ஊத்துவானா? காலையில கியர் கல்லு மாதிரி நிக்கும்."

"நீங்க ஊத்துனீங்க."

உன் நோட்டைத் திறந்து, தேதி தேதியாகப் படித்தேன். "இன்று முதல் பஸ்" என்ற வரிக்கு வந்தபோது அவர் வாயில் இருந்த வெற்றிலை மெல்லப்படாமல் நின்றது.

"அன்னைக்குக் கடை பூட்டியிருந்துச்சு பாப்பா... ஷெட்டுல இருந்ததை ஊத்துனேன். அப்புறம் மாத்திக்கலாம்னு... மறந்துட்டேன்."

"வளைகாப்பு அன்னைக்கும் மறந்துட்டீங்களா?"

தெரிந்தே சிரித்தாரா, உண்மையாகவே மறந்துதான் போனாரா? எனக்கு இன்னும் தெரியாது. எது மோசம் என்றும் தெரியவில்லை.

பெரிய அத்தை என் கையைப் பிடித்தார். "திவசத்தன்னைக்கா இதை எடுக்கணும்? விடும்மா."

"வளைகாப்பு அன்னைக்கு அவர் எடுத்தாரே அத்தை, யாராச்சும் விடுன்னு சொன்னீங்களா?" கையை விடுவித்துக்கொண்டேன். "சித்தப்பா, எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. கியரைத் தின்னது யாரு?"

"நான்தான்."

"கேக்கல."

"நான்தாம்மா."

இனித்தது அம்மா. பொய் சொல்ல மாட்டேன். அன்று முழுக்க இனித்தது. திவசத்தன்று இப்படிச் செய்தவள் என்று சொந்தத்தில் பேசுகிறார்கள். பேசட்டும். உன்னைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்கள் அல்லவா?

ஒன்று மட்டும் தொண்டையில் நிற்கிறது. வளைகாப்பு அன்று முழங்கை வரை வளையலோடு நானும் சிரித்தேன். நீ என்னைப் பார்த்தாய். என்னை யார் நிற்கவைத்துக் கேட்பது?

கடைசியாக ஒரு செய்தி. போன வாரம் சித்தப்பா போன் செய்தார். குரல் இறங்கியிருந்தது. கண்ணில் புரை. ஆபரேஷனுக்கு விடியற்காலை கன்டோன்மென்ட் பக்கம் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம். மகன் வெளிநாட்டில். லாரியையும் விற்றுவிட்டாராம். "உன்னைத் தவிர யாரைக் கேக்குறதுன்னு தெரியல பாப்பா" என்றார்.

சரி என்று சொல்லிவிட்டேன். முந்தின நாளே எங்கள் வீட்டுக்கு வந்து தங்கச் சொல்லியிருக்கிறேன். அக்கறை என்று நினைத்துக்கொண்டார். நான் தொட்டியத்துக்குப் போய்க் கூட்டி வந்தால் வழியிலேயே வண்டி சூடாகிவிடும். ராத்திரி முழுக்க நின்று குளிர்ந்த வண்டியில்தான் அவர் ஏற வேண்டும்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அம்மா. அவரை முன் சீட்டில், கியருக்குப் பக்கத்தில் உட்கார வைப்பேன். தை மாதக் குளிரில் முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது. ஒன்றிலும் சத்தம் வராது. கண் தெரியாத மனுஷனுக்குக் காது நன்றாகக் கேட்கும். வராத அந்தச் சத்தத்தை ஆஸ்பத்திரி வரைக்கும் அவர் கேட்டுக்கொண்டே வரட்டும். நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். கதவைத் திறந்து, கையைப் பிடித்துப் பத்திரமாக இறக்கிவிடுவேன்.

உன் வண்டியை ஓட்டுகிற, உன் ஒரே மகள்,
நித்யா