ஏழு புள்ளி மூன்று

இன்று காலை ஆபீஸில் ஒரு புத்தகக் கோப்பைத் திறந்தேன். 4.2 என்ற பகுதி முடிவதற்குள் 4.3 அதற்குள்ளேயே புகுந்து கிடந்தது. உன்னைக் கூப்பிட வலப்பக்கம் திரும்பிவிட்டேன். உன் நாற்காலியில் வேறொரு பெண் இருந்தாள்.

பெரம்பலூரில் நாம் பார்த்த வேலையை வீட்டில் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடிந்ததே இல்லை. வெளிநாட்டுப் புத்தகங்கள் திரையில் ஒழுங்காகத் திறக்க, ஒவ்வொரு பகுதிக்கும் தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் இருக்கிறதா, எது எதற்குள் அடங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். "நம்பர் என்ன வேணா சொல்லும்டி, அது எந்த வூட்டுக்குள்ள இருக்குன்னு பாரு" என்பாய்.

அந்த மருந்துப் புத்தகத்தையும் அப்படித்தான் பார்த்தாய். 7.2 குழந்தைகளுக்கான அளவு, 7.3 பெரியவர்களுக்கானது. 7.2 முடியாமலே 7.3 உள்ளே நுழைந்திருந்தது. குழந்தைகள் என்ற தலைப்பைத் தொட்டால் பெரியவர்களின் அளவும் அதன்கீழ் வரும்.

மேலாளர் எட்டிப் பார்த்தார். "நம்பர் வரிசையாதானே இருக்கு? சாயந்திரத்துக்குள்ள போயாகணும், அனுப்பிடுங்கம்மா."

"புள்ளைங்களுக்குக் குடுக்குற மருந்து சார். சரி பண்ணாம அனுப்ப மாட்டேன்."

நீ சாப்பிடப் போன நேரத்தில் உன் கணினியிலிருந்து, உன் பெயரிலேயே அவர் அனுப்பிவிட்டார். புகார் வந்தபோது உன்னைக் கை காட்டினார். நான் முதலாளியின் அறைக்குப் போய், "அவ முடியாதுன்னு சொன்னா சார், அனுப்புனது மேனேஜர். நான் பக்கத்துலதான் இருந்தேன்" என்றேன். "சரிபார்த்தவங்கன்னு அவங்க பேருதானே இருக்கு?" என்றார். அத்தோடு உன் வேலை போனது. ஊரில் இதே வேலை நடக்கும் மற்ற இடங்களுக்கும் உனக்கு முன்பே அந்தப் பேச்சு போய்ச் சேர்ந்திருந்தது.

அரியலூரில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்தாய். தினமும் ஸ்கூட்டரில் போய் வந்தாய். "சுண்ணாம்புக் கல்லு லாரி வர்ற ரோடுடி, உசுரக் கையில புடிச்சிக்கிட்டுதான் போறேன்" என்று போனில் சிரித்தாய். ஒரு காலை, கடைக்குப் போகும் வழியில் அப்படியொரு லாரிதான் உன்னை அடித்துப் போட்டது. டிரைவர் மேல் தப்பு என்றார்கள். இருக்கலாம். ஆனால் அந்த ரோட்டில் உனக்கு என்ன வேலை?

சாவு வீட்டுக்கு மேலாளர் மாலையோடு வந்தார். உன் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "எம் பொண்ணு அப்புடி என்ன தப்பு சார் பண்ணிட்டா? நம்பரத் தப்பா போட்டுட்டான்னு தெருவே பேசுதே."

"இப்ப எதுக்கும்மா அதெல்லாம்..."

என்னால் பொறுக்க முடியவில்லை. "அவ ஒரு தப்பும் பண்ணலம்மா. வேணாம்னு அவ சொன்னா, அனுப்புனது இவரு" என்றேன். அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் மாலையை என் பக்கத்திலிருந்த நாற்காலியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். உன் அம்மா என் தோளில் சாய்ந்து, "எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னார்.

இன்னமும் அவர்தான் எனக்கு மேலாளர். எனக்கும் வேலை வேண்டியிருக்கிறது. தினமும் அவருக்குக் காலை வணக்கம் சொல்கிறேன், வாய் கசக்கிறது. போனது போகட்டும், விட்டுவிடு என்கிறார் என் கணவர். விட மனம் வரவில்லை. உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்தக் கசப்புதான். இதுவும் ஆறிவிட்டால், உனக்கு நடந்ததை அநியாயம் என்று சொல்ல அந்த ஆபீஸில் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.